யார் எடுத்தது என்று கேட்காத வீடு

போன வாரம் நாம் விட்டு வந்தபோது இளையவள் மாடி அறையில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். திரையில் மகளின் முகம் பாதிச் சிரிப்போடு உறைந்து நின்றிருந்தது. அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு வந்ததற்கு நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், தப்பில்லை. அவளுக்கும் ஒரு வாரம் அப்படித்தான் போனது.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இளையவள் கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள் சுண்டு, வேறு ஊரில் அப்பாவிடம் இருக்கிறது. வழக்கு முடியும்வரை சனிக்கிழமை தோறும் மாலை அரை மணி நேரம் வீடியோவில் பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. போன சனிக்கிழமை பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் படம் நின்றது. “அம்மா அசையவே மாட்டேங்கிறா” என்று குழந்தை சொன்ன குரல் மட்டும் எங்கிருந்தோ வந்து, அதுவும் அறுந்தது.

கணவன் சும்மா இருப்பானா? குழந்தை நல அலுவலரிடம் போய், அந்த வீட்டில் போன்கூட அரை மணி நேரம் நிற்காது, பிள்ளை எப்படி நிற்கும் என்று கேட்டிருக்கிறான். கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது, பாவி.

அலுவலர் யார் பக்கமும் சாயாத பெண்மணி. வரும் சனிக்கிழமை தானும் அழைப்பில் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். வாசல் கேட்டிலிருந்து குழந்தை படுக்கப்போகிற அறை வரை, போனைப் பிடித்துக்கொண்டே நடந்து காட்ட வேண்டும். அப்போது வீட்டில் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். நடுவில் துண்டிக்காமல் இருந்தால் நல்லது. எல்லாம் திருப்தியாக இருந்தால் பள்ளி விடுமுறை முழுக்கச் சுண்டு அம்மாவிடம் இருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமைதான் இன்று.

வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எல்லாம் இருக்கிறது. இளையவளின் அப்பா அச்சகம் வைத்திருந்தவர். தொழிலில் கொஞ்சம் காசு புரண்டபோதெல்லாம் வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டினார். சேர்த்தாரே தவிர எதையும் இடிக்கவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் என்று கட்டின கனத்த வெளிச்சுவர்கள் எல்லாம் காலப்போக்கில் வீட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டன. முன் அறையில் பேசினால் சமையலறைக்குக் கேட்காது. மனிதக் குரலுக்கே இந்தக் கதி என்றால் இணையத்துக்குக் கேட்க வேண்டுமா?

பெரியவன், அதாவது இளையவளின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். வீட்டுக்குள் நெட் சீராகப் போகட்டும் என்று ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் மூன்று வெள்ளைப் பெட்டிகளை வாங்கி வந்தான். கேபிள் வந்து சேரும் முன் அறையில் ஒன்று, படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒன்று, மாடி நடையில் ஒன்று. ஒன்று பிடித்து அடுத்ததுக்குக் கொடுக்கும். கொஞ்ச நாள் வீடு முழுக்க நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் படிக்கட்டுப் பெட்டியைக் காணோம்.

காணோம் என்றால் தேடுவதுதானே? அங்கேதான் சங்கடம். அந்த வீட்டில் ‘யார் எடுத்தது’ என்று கேட்கக் கூடாது. அப்பா போட்ட சட்டம். ஒரு காலத்தில் அவருடைய கைக்கடிகாரம் காணாமல் போய், கூட இருந்த சொந்தத் தங்கையைக் கேட்டுவிட்டார். தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவள் திரும்பவே இல்லை. கடிகாரம் அச்சு இயந்திரத்துக்கு அடியில் கிடைத்தது. அன்று போட்ட சட்டம். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை. ஒன்று காணாமல் போனால் வீட்டில் எல்லாரும் மௌனமாக ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள். அது மரியாதை என்று பெயர் வாங்கியிருந்தது.

அழைப்பு இருந்த இந்தச் சனிக்கிழமை காலை பெரியவன் வேலைக்குக் கிளம்பினான். ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது, அவன் போயே ஆக வேண்டும். படியிறங்கும்போது காலியாக இருந்த ப்ளக் பாயிண்ட்டைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து, மூடியிருந்த அண்ணியின் அறைக் கதவைப் பார்த்தார்கள். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். எல்லாம் சரியாக வரும், தைரியமாக இரு என்று லேஸிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணிக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் விடுதிகளுக்கு அறை பதிவு செய்து கொடுப்பாள். நடுவில் லைன் போனால் மேலிடத்தில் கணக்கு வைத்துக்கொள்வார்கள். இரண்டு முறை எச்சரிக்கை வந்தாயிற்று என்று எல்லாருக்கும் தெரியும். ஆகையால் பெட்டியை எடுத்து அறைக்குள் வைத்துக்கொண்டது அண்ணிதான் என்று இளையவள் மனதுக்குள் தீர்ப்பு எழுதி முடித்திருந்தாள். ஒரு வாரமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டையாவது போட்டிருந்தால் தேவலை. “சாப்பிட வரச் சொல்லும்மா” என்று இவள் அம்மாவிடம் சொல்வாள். “பசிக்கலைன்னு சொல்லுங்க அத்தை” என்று அவளும் அம்மாவிடமே சொல்வாள். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அம்மாவும் காலையிலேயே கிளம்பிவிட்டாள். கண் ஆஸ்பத்திரியில் அன்று பரிசோதனை. சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை எழுத்து கிழுத்து எதுவும் தெரியாது என்பதால் பக்கத்து வீட்டு அம்மாவும் துணைக்குப் போனாள். போகும்போது அம்மா வழக்கம்போலத் தன் அறை பீரோவைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பேத்தியிடம் நான் கேட்டதாகச் சொல் என்று மட்டும் சொன்னாள். மாப்பிள்ளை பேச்சை எடுக்கவில்லை. இளையவள் திரும்பி வந்த நாளிலிருந்தே அம்மா அவன் பேச்சை எடுப்பதில்லை. போனில் அவன் நம்பரையே அழித்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

வீட்டில் மிச்சம் இரண்டு பெண்கள். நடுவில் ஒரு மூடிய கதவு.

இளையவள் மாடிக்குப் போய்ச் சுண்டுவுக்கென்று ஒழித்து வைத்த அறையை மறுபடி பார்த்தாள். சின்னக் கட்டில், புதுத் தலையணை உறை, ஜன்னலில் மஞ்சள் திரை. தலைமாட்டில், சின்ன மேசை மேல், மூன்றாவது வெள்ளைப் பெட்டி. மாடி நடையில் இருந்ததை அவள்தான் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தாள். பிள்ளையோடு பேசுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் நன்றாக எடுக்கும் என்று எண்ணம். பெற்றவள் வேறெப்படி யோசிப்பாள்?

ஒரு பாட்டு வீடியோவை ஓட விட்டு, போனைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து பார்த்தாள். முன் அறையில் ஓடியது. சமையலறைப் பக்கம் திணறியது. படிக்கட்டில் நின்றது. மாடி நடையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் சுண்டுவின் அறைக்குள் வந்ததும் போனில் கோடுகள் முழுசாக எழுந்து நின்றன. படம் மட்டும் வரவில்லை.

கோடு முழுக்க இருக்கிறது, படம் வரவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ மொத்தத்தையும் இழுக்கிறார்கள். அவளுக்கு அப்படித்தான் பட்டது. கண்ணெதிரே சாட்சி நிற்கிற மாதிரி இருந்தது. நாலு மணிக்கு அழைப்பு. உச்சி வெயில் ஜன்னலைத் தாண்டிச் சாய ஆரம்பித்துவிட்டது.

இறங்கி வந்து அண்ணியின் கதவைத் தட்டித் திறந்தாள். உள்ளே அண்ணி யாருக்கோ கடல் பார்த்த அறை காலியில்லை என்று தணிந்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்றாள். இளையவளால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணி, படிக்கட்டுல இருந்த பெட்டியை எடுத்தது நீங்கதானே?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்டு அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அண்ணி பேசிக்கொண்டிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொண்டாள். காதிலிருந்து மைக்கைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ஒரு வாரமா இதைத்தான் மனசுல வச்சிருந்தியா?”

“பின்ன எங்க போச்சு? அதுக்குக் கால் முளைச்சுதா? நேத்து வரைக்கும் பொறுத்தேன். இன்னைக்கு என்ன நாள்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும். உள்ள வா.”

“நான் எதுக்கு...”

“வந்து பாருன்றேன். கேட்டுட்ட. இனிமே பாத்துட்டுத்தான் போகணும்.”

அண்ணி மேசையை ஒதுக்கி, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். அதிலிருந்து நீல நிற வயர் ஒன்று கிளம்பி, சுவரோரமாக ஓடி, கதவு மூலை ஓட்டை வழியாக வெளியே போனது. முன் அறைப் பெட்டியிலிருந்து பெரியவன் நேராக இழுத்துக் கொடுத்த வயர். மிச்ச நீளம் சுருட்டி ஓர் ஆணியில் தொங்கியது.

“எனக்கு வர்றது இது வழியா. காத்துல வர்றது எனக்கு வேணாம். இது இருக்கும்போது அந்தப் பெட்டியை நான் எடுத்து என்ன பண்ணப் போறேன், தலைக்கு வச்சுப் படுக்கவா?”

இளையவள் வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்த இத்தனை மாதங்களில் இந்த அறைக்குள் அவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்திருந்தால் பார்த்திருப்பாள்.

 அண்ணி, தானும் இவளைத்தான் சந்தேகப்பட்டதாகச் சொன்னாள். மாடி நடைப் பெட்டி பாப்பா அறைக்குப் போனதைப் பார்த்திருக்கிறாள். போதாதென்று படிக்கட்டில் இருந்ததையும் இவளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள், பிள்ளைக்காகத்தானே, எதற்குக் கேட்பானேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம்.

அவள் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. லேஸ் கட்டிக்கொண்டு போனவனும் எடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் நினைவு வந்தது. ஆனால் அம்மாவைப் போய் எப்படிக் கேட்பது?

“ஒண்ணு கேட்டாச்சு. இன்னொண்ணு கேக்கறதுக்கு என்ன” என்று அண்ணி அம்மாவின் நம்பரைப் போட்டாள்.

மணி போனது. காதிலும் கேட்டது. கூடவே, பக்கத்து அறையிலிருந்தும் கேட்டது.

இரண்டு பேரும் அம்மாவின் அறைக்குப் போனார்கள். பூட்டிய இரும்பு பீரோ உள்ளுக்குள்ளே மணியடித்துக்கொண்டிருந்தது.

அம்மா வெகுகாலம் ஒரு கல்லூரியில், ஆய்வுக்கூடத்துப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தவள். கண்ணாடிக் குடுவையோ எடைக்கல்லோ, பக்கத்தில் ஆள் இல்லாமல் மேசையில் கிடந்தால் எடுத்துத் துடைத்துப் பூட்டிவிட வேண்டும், கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கை அடங்கவில்லை. போன வருஷம் பெரியவனின் ஸ்க்ரூடிரைவர் செட் முழுசாக அந்த பீரோவில்தான் இருந்தது. வெளியே போகும்போது தொலைந்துவிடும் என்று தன் போனையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற மனுஷி, ஆளில்லாத படிக்கட்டில் விளக்கெரிந்துகொண்டு கிடக்கிற பெட்டியை விட்டு வைப்பாளா?

“உள்ளதான் இருக்கு” என்றாள் இளையவள்.

“இருந்து என்ன பண்றது? சாவி ஆஸ்பத்திரியில இருக்கு.”

அச்சகத்திலிருந்து வந்த பீரோ அது. நாலு பேர் சேர்ந்து தூக்கிவந்து இறக்கி வைத்த நாளிலிருந்து அசைந்ததில்லை. இளையவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். ஒரு தரம் ஓங்கித் தட்டினாள். அப்புறம் நெற்றியை அந்தக் குளிர்ந்த இரும்பில் சாய்த்துக்கொண்டாள். பெரியவனுக்குப் போட்டால் எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இருக்கிறவனுக்கு எங்கே கேட்கப் போகிறது?

அண்ணிதான் அவள் தோளைத் தொட்டு, மேலே போய்ப் பாப்பா அறைப் பெட்டியை எடுத்து வா என்றாள்.

இளையவளுக்கு மனம் வரவில்லை. அதையும் எடுத்துவிட்டால் அந்த அறையில் சுத்தமாக ஒன்றும் இருக்காதே என்றாள். கோடு முழுசாகக் காட்டுகிறதே என்றாள்.

“அந்தக் கோடு உன் போனுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கற தூரம். பக்கத்துல வச்சிருக்க, நிறையக் காட்டும். ஆனா பெட்டிக்கே ஒண்ணும் வந்து சேரலை. பட்டினி கிடக்கறது உனக்கு எதை எடுத்து ஊட்டும்? நடுவுல நிக்கணும் அது. ரெண்டு பக்கமும் எட்டற இடத்துல.”

வேலை நடுவில் லைன் போனால் பதில் சொல்ல வேண்டியவள் அண்ணிதான். அதனால் இதையெல்லாம் அவள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பெட்டியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் வைத்து நடந்து பார்த்தார்கள். மாடி நடை வரை படம் ஓடியது. சுண்டுவின் அறை வாசலில், அந்தக் காலத்து வெளிச்சுவரைத் தாண்டியதும், நின்றது. இன்னும் மேலே, படி ஏறி முடிகிற இடத்தில் வைத்தார்கள். இப்போது பெட்டிக்கே ஒன்றும் வரவில்லை. கீழே இறக்கினால் அறைக்கு எட்டாது, மேலே ஏற்றினால் முன் அறையை எட்டாது. இன்னொரு பெட்டி இருந்தால் தீர்ந்தது. அது பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இளையவள் மேல் படியில் உட்கார்ந்துவிட்டாள். கடிகாரம் மூன்றைத் தாண்டிவிட்டது. அவள் அழவில்லை. விரல் நகத்தால் படியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

அண்ணி கீழே போனாள். திரும்பி வரும்போது கையில் நீல வயரின் நுனி இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“அண்ணி, உங்களுக்கு ட்யூட்டி நேரமாச்சே.”

“ஆமா.”

“ஏற்கெனவே ரெண்டு தடவை...”

“மூணாவதா இருந்துட்டுப் போகட்டும். வேலை போனா வேற தேடிக்கலாம். நீ போய் முகத்தைக் கழுவு, புள்ளை பாக்கப் போற முகமா இது?”

ஆணியில் சுருட்டியிருந்த நீளம் முழுவதையும் அவிழ்த்துப் படி வழியாக இழுத்தார்கள். வயர் மேல் படிக்கு வந்தது. ஆனால் தரைக்கு வரவில்லை. இழுத்துப் பிடித்தால் நெஞ்சு உயரத்தில் காற்றில் நின்றது, அவ்வளவுதான். கரண்டுக்கு மாடி நடையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. ஸ்டூல் வைக்கலாமென்றால் படியோரத்தில் நிற்கவில்லை. அண்ணி பெட்டியைக் கையில் வாங்கி, இரண்டு வயரும் தளராதபடி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். பெட்டியின் விளக்கு கொஞ்ச நேரம் சிமிட்டிவிட்டுப் பச்சையாக நின்றது.

நடந்து பார்க்க நேரமில்லை. போன் அடித்தது.

அலுவலரின் முகம் ஒரு கட்டத்தில், சுண்டுவின் முகம் இன்னொரு கட்டத்தில். சுண்டுவின் தோளுக்குப் பின்னால் முகம் தெரியாமல் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையின் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தவள் இளையவள்தான். அதைப் பார்க்காத மாதிரி கேட்டுக்குப் போய், அங்கிருந்து நடக்க ஆரம்பித்தாள்.

இது கேட், உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. இது முன் அறை. இது அம்மா அறை. சமையலறையைக் காட்டும்போது படம் ஒரு கணம் துணுக்குத் துணுக்காகச் சிதறியது. அலுவலர் பேசிய ஒரு வாக்கியத்தில் பாதி காணாமல் போனது.  இளையவளுக்கு நிற்கவும் பயம், நடக்கவும் பயம். ஓட்டமாக இரண்டடி வைத்துப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். படம் மறுபடி கூடி வந்தது.

“அம்மா, உன் மூக்கு பெருசாத் தெரியுது” என்றது சுண்டு.

படியில் ஏறும்போது போனை வலது பக்கமாகவே திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அண்ணியைப் பிறகு தனியாகக் காட்டிக்கொள்ளலாம், இப்போது படத்தில் விழக் கூடாது. வயரும் பெட்டியுமாக ஒருத்தி நிற்பதைப் பார்த்தால் வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும் என்று பயம். ஆனால் நீல வயர் காலில் சிக்கி, போன் ஆடி, ஒரு கணம் அண்ணி முழு உருவமாக அகப்பட்டுக்கொண்டாள்.

“நில்லுங்க. அது யார்?” என்றார் அலுவலர்.

இளையவள் வாய் திறப்பதற்குள் அண்ணியே பேசினாள்.

“பாப்பாவோட அத்தை, மேடம்.”

“கையில என்ன?”

அண்ணி இளையவளை ஒரு முறை பார்த்தாள்.

“நெட்டுப் பெட்டி. இந்த வீட்டுல சுவர் ரொம்பக் கனம். நடுவுல ஒரு ஆள் பிடிச்சாத்தான் பாப்பா ரூம் வரைக்கும் படம் போகுது. வைக்க இடம் தோதா இல்ல, அதான் பிடிச்சிட்டிருக்கேன்.”

“பேசி முடிக்கிற வரைக்குமா?”

“ஆமா, மேடம்.”

 அலுவலர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. நல்லதா கெட்டதா என்று அந்த உச்சந்தலையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

“அத்தை, கை வலிக்கலையா?” என்று சுண்டு கேட்டது.

“வலிக்குது. நீ வந்து அமுக்கி விடு.”

சுண்டு சிரித்தது. தோளுக்குப் பின்னால் இருந்த கை அசைந்து, படத்திலிருந்து விலகிப் போனது.

மாடி நடை. அறை வாசல். அந்தச் சுவரைத் தாண்டும்போது இளையவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். படம் ஒரு நொடி மங்கியது, பிறகு தெளிந்தது. கட்டிலைக் காட்டினாள், திரையைக் காட்டினாள், ஜன்னலைத் திறந்து வெளியே தெரிந்த மரத்தைக் காட்டினாள். அங்கே அணில் வருமா என்று சுண்டு கேட்டது. வரும் என்றாள். ராத்திரி விளக்கை அணைப்பாயா என்று கேட்டது. நீ தூங்கினப்புறம் என்றாள்.

அலுவலர் குழந்தையிடம் நேராகவே கேட்டார். லீவுக்கு அந்த வீட்டில் இருக்கச் சம்மதமா?

 சுண்டு திரைக்கு மிக அருகில் வந்து உற்றுப் பார்த்தது. பெரிய ஆராய்ச்சி.

“இன்னைக்கு அம்மா அசையறா” என்றது.

இளையவள் சிரிக்க முயன்று, முடியாமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அரை மணியும் முடிந்து, குழந்தை கையசைத்து, பாட்டிக்கும் ஒரு கையசைப்பைக் கொடுத்துவிட்டுப் போனது. அலுவலர் மட்டும் கொஞ்சம் தங்கினார். தன் பக்கத்தில் தடையில்லை, அனுப்பலாம் என்றே எழுதப்போவதாகச் சொன்னார். திங்கட்கிழமைக்குள் குழந்தையின் அப்பா ஏதாவது சொல்ல விரும்பினால் அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். போகும்போது, “உங்க அண்ணியை இறக்கி வைக்கச் சொல்லுங்க” என்றார்.

அண்ணியால் உடனே இறக்கி வைக்க முடியவில்லை. மடங்கின முழங்கை மரத்துப் போயிருந்தது. இளையவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பெட்டியை வாங்கினாள். மன்னிப்பு என்று எதையோ சொல்ல வந்தாள். அதெல்லாம் அப்புறம், முதலில் இந்தக் கையை நீவு என்று அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரப் பேச்சு பாக்கி இருந்தது. இரண்டு பேருமே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது, உட்கார வசதியாக.

அப்போதுதான் கீழே பீரோ மறுபடி மணியடித்தது.

அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. யாரோ விடாமல் கூப்பிடுகிறார்கள்.

கேட் திறக்கும் சத்தமும் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அம்மா வாசலிலிருந்தே, சுவரைத் தடவிக்கொண்டு, பேத்தி என்ன சொன்னாள் என்று கேட்டபடி வந்தாள். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். இளையவள் நேராகக் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கு அது இரண்டாவது தடவை.

“அம்மா, படிக்கட்டுப் பெட்டியை நீ எடுத்தியா?”

“ஆமா. ஆளில்லாம கண்ணைச் சிமிட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. கால்ல பட்டு உடைஞ்சா? எடுத்து வச்சேன்.”

“ஒரு வாரமா சொல்லவே இல்லையேம்மா.”

“கேட்டா குடுத்திருப்பேனே. யாருமே கேக்கலையே.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இளையவளுக்கும் வந்தது. ஒரு வாரம் இறுக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, கண்ணில் நீர் வருகிற அளவுக்கு வந்தது. என்ன சிரிப்பு என்று புரியாமல் அம்மாவும் சிரித்தாள். சாவியைத் தடவித் தேடிப் பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பெட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

துண்டுக்கு அடியிலிருந்த போன் மூன்றாவது முறையாக அடிக்க ஆரம்பித்தது.

அம்மா அதை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். மருந்து விட்ட கண்ணுக்கு வெளிச்சம்தான் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது, கண்ணாடி நம்பர் சொல்கிறேன் என்றார்கள், யாரென்று பார் என்று அண்ணியிடம் நீட்டினாள்.

அண்ணி வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. போனை இளையவள் பக்கமாகத் திருப்பினாள்.

திரையில் ‘மாப்பிள்ளை’ என்று இருந்தது.

இளையவள் அதைப் படித்தாள். அம்மாவைப் பார்த்தாள். அழித்துவிட்டேன் என்று சொன்ன அம்மா, திறந்த பீரோவுக்கு முன்னால், கலங்கின கண்களோடு, மகள் நிற்காத பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“யாருன்னு சொல்லுங்களேன்” என்றாள் அம்மா.

போன் அண்ணியின் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. அந்த வீட்டில் அன்று கேட்க இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. இளையவள் வெள்ளைப் பெட்டியைக் கட்டிலின் மேல் வைத்தாள்.

“எத்தனை நாளா பேசிட்டிருக்கம்மா?”